ஃபாதர் செராஃபினின் பதக்கம்

"குண்டுமழையில ஏழு பேரைத் தூக்கிட்டு வந்தீங்களாமே, ஃபாதர்!" ஈசர் ஆற்றங்கரை முகாமில் பெல்ஜியக் கர்னல் பதக்கத்தைக் குத்திவிட்டார்.

ராணுவப் பாதிரியார் செராஃபினுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று அவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். "அது நான் இல்லீங்க."

"அடக்கம் போதும். கோட்டுக் காலர்ல இருந்த சிலுவையை ஏழு பேருமே பார்த்திருக்காங்க."

குழம்பியபடி கூடாரத்துக்குத் திரும்பினார். காணாமல்போன அவருடைய கோட்டோடு சிப்பாய் காமில் அழுதுகொண்டு நின்றான்.

"நான்தான் திருடினேன், ஃபாதர். உங்க வேஷத்துல சண்டையை விட்டு ஓடிடலாம்னு பார்த்தேன். வழியில அடிபட்டுக் கிடந்தவன் சிலுவையைப் பார்த்து, 'ஃபாதர், விட்டுட்டுப் போயிடாதீங்க'ன்னான். அவனைத் தூக்கிட்டுத் திரும்பினேன். உடனே அடுத்தவன் கூப்பிட்டான்..."

ஓடியவனுக்குத் தண்டனை துப்பாக்கிக் குண்டுதான்.

"மண்டி போடுடா," என்றார் செராஃபின். "இதையே பாவமன்னிப்பு கேட்டு, பாவசங்கீர்த்தனமாச் சொல்லு. அதுல கேட்ட ரகசியத்தை எந்தப் பாதிரியாரும் வெளிய சொல்லக் கூடாது. அப்பத்தான் கர்னலே கேட்டாலும் நான் வாய் திறக்க முடியாது."