எழுபதாம் நாள் எலுமிச்சை

மணி ஐந்து. நியூ ஆர்லியன்ஸ் கடைவீதியின் சிப்பிக்கடையில், ஒரு கிளாஸ் மது வாங்கினால் இன்னொன்று இலவசமாகக் கிடைக்கும் நேரம். குடியை விட்டு எழுபது நாளான வென்டல், சிப்பி தின்ன மட்டும் என்று சொல்லித்தான் மகள் கொரினோடு வந்து உட்கார்கிறான். அவன் வாய் திறப்பதற்குள், பாரில் ஊற்றிக்கொடுக்கும் ஓடெல் பழைய பழக்கத்தில் இரண்டு விஸ்கியைத் தளும்பத் தளும்ப முன்னால் வைக்கிறான். "எங்கய்யா போய்த் தொலைஞ்ச? செத்துட்டியோன்னு நெனச்சேன்!" சாயங்கால வெயில் இரண்டு கிளாசிலும் இறங்கி நிற்கிறது. சிப்பித் தட்டும் வந்துவிட்டது. கொரின் முள்கரண்டியில் எடுத்த சிப்பிச்சதையை மறுபடி ஓட்டிலேயே வைக்கிறாள். "எனக்கு எலுமிச்சை போதும்ப்பா," என்று வென்டல் கிளாசின் விளிம்பில் செருகியிருந்த துண்டை உருவிச் சிப்பிமேல் பிழிகிறான். உருவும்போது தளும்பிய விஸ்கி அவன் விரலை நனைத்துவிட்டது. அந்த ஈர விரலை அவன் துணியில் துடைப்பானா, வாயில் வைப்பானா என்று மகள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.