வெண்டலின் இரண்டு நிமிடம்

"பேசறதுக்குப் பேர் கொடுக்கிறது ஆறு மணியோட முடிஞ்சுதும்மா," என்றாள் வாசல் மேசையில் இருந்தவள்.

மணி ஆறு பத்து. முதியோர் இல்லத்து வேலை முடிந்து, சீருடையோடு ஓடி வந்திருந்தாள் மார்லீன்.

"எங்க தெருவுல எல்லாருக்கும் வேலை விடறதே ஆறு மணிக்குத்தான். தேர்தல் தொகுதியோட எல்லைக்கோட்டை எங்க தெரு நடுவுல போட்டுட்டு, நாங்க வாயைத் திறக்கக் கூடாதா?"

"உட்கார்ந்து கேட்கலாம். பேச முடியாது."

நல்ல விதி. சுவரில் மட்டும், 'மிச்சிகன் தொகுதி எல்லைக் குழு உங்கள் கருத்தைக் கேட்கிறது' என்று ஆளுயரப் பேனர். பேசியவர்கள் அத்தனை பேரும் பண்ணைக்காரர்கள்.

வரிசையில் கடைசியாக நின்றவன் வெண்டல் ஹூப்பர். பள்ளியில் மார்லீனின் வகுப்பு. கோட்டை நகர்த்தினால் பண்ணைகளில் பாதி வேறு தொகுதிக்குப் போய்விடும் என்று ஏற்கெனவே மூன்று ஊர்க் கூட்டங்களில் முழங்கியவன்.

"இன்னும் வாய் வலிக்கலையா வெண்டல்?"

"இல்லையே."

"உனக்கென்ன. மழை பெஞ்சா சாக்கடை எங்க வீட்டுக்குள்ள வருது. இந்தத் தொகுதி ஆளைக் கேட்டா அந்தத் தொகுதிங்கறாரு, அவரு இவரைக் கைகாட்டுறாரு. பத்து வருஷமா இதே கூத்து. இப்ப விட்டா, மறுபடி கோடு போட இன்னும் பத்து வருஷம்."

"எழுதிட்டு வந்திருக்கியா?" என்றவன், அவள் கையிலிருந்த தாளை உருவிக்கொண்டான்.

"ஏய், குடுடா."

"வெண்டல் ஹூப்பர், இரண்டு நிமிடம்," என்றது ஒலிபெருக்கி.

ஊர் முன்னால் கிழித்துத் தோரணம் கட்டப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள் மார்லீன்.

வெண்டல் கண்ணாடியை மாட்டினான். சாக்கடை, நனைந்த மெத்தை, கீழே இருந்த முப்பத்தொரு கையெழுத்து என ஒன்று விடாமல் படித்தான். குரலில் கேலி இல்லை. கடைசிப் பெயரோடு மணி அடித்தது.

குழுத் தலைவி வரைபடத்தில் அந்தத் தெருவைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கோட்டை நகர்த்தக் கூடாதுன்னு சொல்லிட்டிருந்தீங்களே மிஸ்டர் ஹூப்பர், மனசு மாறிட்டீங்களா?"

"இல்ல மேடம், நகர்த்தக் கூடாதுன்னுதான் இப்பவும் சொல்றேன்," என்றான் வெண்டல். "ஆனா, அவங்க வேலையில இருக்கற நேரம் பார்த்து ஜெயிக்க வெக்கமா இருக்கு."