தேய்த்த விளக்கு

கார் முகப்பு விளக்குகளில் ஏறியிருந்த மஞ்சளைப் பற்பசை போட்டுத் தேய்த்தே போக்கிவிட்டாள் புது மருமகள். கை கழன்றுவிடும் போலிருந்தது. மாமனாரின் முகம் மலர்ந்ததும் வலி பறந்துபோனது.

இருட்டும் நேரத்தில் வேலை முடிந்து வந்த கணவன், காலியாகக் கிடந்த ஷெட்டைப் பார்த்து நின்றான்.

"கார் எங்க?"

"மாமா எடுத்துட்டுப் போயிருக்கார். லைட்டு மங்கல்னுதானே ராத்திரியில ஓட்டாம இருந்தார்? நான் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிட்டேன்!"

அவன் முகம் வெளிறியது. "உன்னை யாரு தேய்க்கச் சொன்னது?"

"கீறல் எதுவும் விழலைங்க..."

அவன் அப்பாவுக்குப் போன் போட்டான். மணி வீட்டுக்குள்ளேயே அடித்தது. தெருவுக்கு ஓடினான். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

"எதுக்குங்க இப்படிப் பதறுறீங்க?"

"லைட்டு மங்கல்தான். அதைவிட மங்கல் அப்பா கண்ணு! ராத்திரியில ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் என்கிட்ட சொல்லிட்டார். தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவாரேன்னு, பழியை லைட்டு மேல போட்டு, துடைக்காமலே விட்டு வெச்சிருந்தேன்."

தெருமுனையில் கார் திரும்பியது. கண் கூசும் வெளிச்சம். இருவரும் கையை வீசிக் கத்தியும் வேகம் குறையாமல் அவர்களை நோக்கியே வந்தது. கடைசி நொடியில் அவளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினான். கார் வீட்டுச் சுவரில் முட்டி நின்றது.

மாமனார் இறங்கினார். உடையாமல் எரிந்த ஒற்றை விளக்கின் வெளிச்சத்தில் நின்ற இருவரையும் உற்றுப் பார்த்தார்.

"யாருப்பா அது? உள்ளே என் மருமக இருப்பா, கொஞ்சம் கூப்பிடுங்க. லைட்டை அவ சரியாவே தேய்க்கலை."