குப்பைக்குப் போன அட்டை

"அஞ்சு வயசுப் பையனுக்குத் தினம் மாத்திரையா? புள்ளை வளர்க்கிறீங்களா, இல்ல மருந்துக்கடை வச்சிருக்கீங்களா?"

குட்டியின் பிறந்தநாளுக்கு வந்திருந்த பத்துப் பேர் காதிலும் விழும்படிதான் கேட்டார் குட்டியின் அப்பா. ஃபேக்டரியில் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசம் போடாதவனைத் திட்டித் திட்டியே அவர் குரல் அப்படி ஆகிவிட்டது. எல்லோருக்கும் அவர் 'சேஃப்டி சார்'.

கீழ் வீட்டு டெய்லரம்மா கைக்கடிகாரத்தில் அலாரம் அடித்ததும் மகனைக் கூப்பிட்டாள். நாக்கில் மாத்திரையை வைத்து, தண்ணீர் கொடுத்து, "ம், போய் விளையாடு" என்று முதுகில் தட்டி அனுப்பினாள்.

"ஆஸ்துமா சார். ஒரு நாள் விட்டாலும் மூச்சு இழுக்குது. டாக்டர் நிறுத்தவே கூடாதுன்னுட்டார்."

"அவருக்கென்ன, எழுதித் தள்ளுவார். எங்க பொண்ணுக்கும்தான் வலிப்பு வந்துச்சு. தினம் காலையில ஒண்ணு குடுங்கன்னு ஒரு அட்டையை நீட்டினாங்க. வாங்கிட்டு வந்து நேரா குப்பையில போட்டேன். மூணு மாசமாச்சு. ஒரு தடவையாவது வந்திருக்கா? நீங்களே கேளுங்க இவளை."

டெய்லரம்மா குட்டியின் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன் என்பது போல.

"ஆமாங்க, வரல" என்று சொல்லிவிட்டு அவள் கேக் வெட்டிய கத்தியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. எப்படி வரும்? தினம் காலையில் மாத்திரையைப் பொடித்து ரொட்டியில் ஜாமோடு தடவிக் கொடுப்பது அவள். ஊரெல்லாம் பேர் வாங்குவது இவர்!

மூன்று மாதத்துக்கு முன்னால், அட்டையைக் குப்பையில் போட்டதாக அவர் சொன்ன அன்றைக்கு, அவர் குளிக்கப் போனதும் ஓடிப்போய்க் குப்பைக் கூடையைத் திறந்து பார்த்தாள். வெங்காயத் தோல் இருந்தது, முட்டை ஓடு இருந்தது, அட்டையை மட்டும் காணோம். பெண்டாட்டி எடுத்துவிடுவாள் என்று தெருத் தொட்டி வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார் மனுஷன்! இந்த வைராக்கியத்தை வேலையில் காட்டியிருந்தால் இந்நேரம் எங்கேயோ போயிருப்பார்.

அவளே புது அட்டை வாங்கினாள்.

அவளுக்கும் மனசு கூசத்தான் செய்தது. அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில், 'இந்தச் சின்ன வயசுல கண்ணாடியா?' என்று கலங்கும் அம்மாக்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்புவதே அவள்தான். தன் குழந்தை என்றதும் அந்த ஆறுதல் ஒன்றும் உதவவில்லை. பிஞ்சு வயிற்றில் தினம் இதைப் போடுகிறோமே என்று முதல் வாரம் சோறே இறங்கவில்லை. அப்புறம் அந்தக் கலக்கத்தையெல்லாம் அவர்மேல் கோபமாகத் திருப்பிவிட்டாள்.

"உங்கப்பாவுக்கு ஈவு இரக்கமே கிடையாது. அறிவும் கிடையாது" என்று ஜாமைத் தடவும்போதே தினமும் முணுமுணுப்பாள். "அவர்கிட்ட சொல்லிடாத, என்ன?"

குட்டி மென்றுகொண்டே தலையாட்டுவாள்.

"ஐயோ, குழந்தையைப் பாருங்க!"

டெய்லரம்மாவின் குரல்தான். குட்டி கேக் தட்டிலேயே முகம் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி நிறுத்தினால் கால் பின்னியது. கொஞ்ச நாளாகவே வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார். "அவங்க பாடம் நடத்துற லட்சணம் அப்படி" என்று சிரித்த சேஃப்டி சார், இப்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு காருக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மாலை முடிவு வந்தது.

"மருந்து ஒழுங்கா குடுக்கிறீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நிறுத்தி மூணு மாசமாச்சு." சேஃப்டி சாரின் குரலில் ஃபேக்டரி அதட்டலே இல்லை.

"நிறுத்திட்டீங்களா? அப்ப இவ ரத்தத்துல இருக்கிறது என்ன? இருக்க வேண்டியதுக்கு ரெண்டு மடங்கு இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பிள்ளை என்ன ஆகியிருக்கும்?"

அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"நான்தான் குடுத்தேன் டாக்டர். ஆனா தினம் ஒண்ணுதான்! சத்தியமா ஒண்ணே ஒண்ணுதான்!"

சொல்லிவிட்டுக் கணவரை நேராகப் பார்த்தாள். கத்தட்டும். திருப்பிக் கேட்க மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

அவர் கத்தவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு குடுத்தா இவ்வளவு ஏறாதும்மா" என்றார் டாக்டரம்மா.

குட்டி விரலை மடக்கி எண்ணினாள். "அம்மா மாத்திரை ஒண்ணு. அப்பா மாத்திரை ஒண்ணு."

"அப்பா மாத்திரையா?"

"ஸ்கூல் வாசல்ல, கார்லயே குடுப்பாங்க. அம்மாகிட்ட சொல்லாதன்னாங்க. அம்மாவும் அப்பாகிட்ட சொல்லாதன்னாங்க. நான் யாருகிட்டயும் சொல்லவே இல்லையே!" முகமெல்லாம் பெருமை.

வெங்காயத் தோலும் முட்டை ஓடும் அம்மாவின் கண்முன்னால் வந்து நின்றன. அட்டை தெருத் தொட்டிக்குப் போகவே இல்லை.

"வாய்ல நிறுத்தியாச்சு, பிள்ளை வயித்துல ரெண்டு மாத்திரை. நல்ல பொருத்தம்!" என்றார் டாக்டரம்மா. "இனிமே ஒருத்தர்தான் குடுக்கணும், அதுவும் மத்தவருக்குத் தெரிஞ்சு. யார் குடுக்கப் போறீங்க?"

குட்டிதான் டாக்டரம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பாவே குடுக்கட்டும் டாக்டர். அம்மா குடுக்கும்போது அப்பாவைத் திட்டுவாங்க. அப்பா குடுக்கும்போது, என்கிட்ட ஸாரி சொல்லி அழுவாங்க."