கொரில்லாவின் கண்ணைப் பார்க்காதே

ரங்கூன் விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஏழு பேர் இருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாதாரணச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கும் சிரிப்பு.

இந்தச் சுல்தான் பீவிக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும் என்பது எங்கள் பேட்டை மிங்கலா தாங்ஞுன்ட்டில் எல்லாருக்கும் தெரியும். என் நிக்காஹ் அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில், பெண்ணுக்கு ஏதோ கோளாறு என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்தே விட்டார்கள்.

"உம்மா, சிரிச்சே காரியத்தைக் கெடுத்துடாதீங்க" என்றான் என் மகன் நிஹால். அவன் உதடும் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

நாங்கள் ருவாண்டாவுக்குப் போகிறோம். கொரில்லா பார்க்க. ஐந்து நாள்.

மனசுக்குள் இதைச் சொல்லிப் பார்த்தால் சிரிப்பு இன்னும் கூடுகிறது. சந்தையில் லுங்கி விற்கிறவளுக்கு என்ன கொரில்லா வேண்டிக் கிடக்கிறது!

ஆனால் கவுண்டரில் நம்ப வேண்டுமே. ஊரில் வயசுப் பையன்களைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எழுதுகிறார்கள். இருபத்துமூன்று வயதுப் பையன் வெளிநாடு கிளம்பினால் கேள்வி மேல் கேள்வி. வேலைக்கு என்றால் வீட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். கொரில்லா பார்க்க, அதுவும் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பொய் சொல்ல எவனுக்கும் தோன்றாது, அதனால் நம்புவார்கள் என்பது நிஹாலின் யோசனை.

பொய்யும் இல்லை. மலையேற நிஜமாகவே சீட்டு எடுத்திருக்கிறோம்.

பத்து நாள் ஒத்திகை பார்த்தோம். லிஃப்ட் இல்லாத எங்கள் ஆறு மாடிப் படிக்கட்டுதான் கொரில்லா இருக்கும் எரிமலை. நான்தான் கொரில்லா.

சட்டமெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கொரில்லாவின் கண்ணை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. ஓடக் கூடாது. தலையைத் தாழ்த்தி, தொண்டைக்குள் மெல்லச் செரும வேண்டும். அப்போதுதான் நாம் பகையாளி இல்லை என்று அதற்குப் புரியும். ஒரு மணி நேரம் ஆனதும் திரும்பிவிட வேண்டும். சளி பிடித்தவர்களை மலைப்பக்கமே விடமாட்டார்கள்.

முந்தாநாள் நான் மார்பில் அடித்துக்கொண்டு பால்கனி வரை பாய்ந்ததில், கீழே வருகிறவர்கள் இழுத்து மணியடிக்கத் தெருவுக்குத் தொங்கவிட்ட சாமான் கயிற்றில் கால் மாட்டிக்கொண்டது. கயிற்று மணி கணகணவென்று அடிக்க, ஐந்தாம் மாடி சொர்ணம்மாள் மேலே எட்டிப் பார்த்து, "பீவி, கீழே யாரு வந்திருக்கா?" என்றாள்.

"கொரில்லா!" என்றேன். நானும் நிஹாலும் தரையில் விழுந்து உருண்டோம். அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

வரிசை நகர்ந்தது. எங்கள் முறை.

கவுண்டரில் ஐம்பது வயதுக்காரர். மூக்கு நுனியில் கண்ணாடி. எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று நிஹாலைக் கேட்டார்.

நிஹால் மடமடவென்று ஒப்பித்தான். மலையின் பெயர், மூங்கில் காடு, முதுகு நரைத்த ஆண் கொரில்லா ஒரு நாளைக்கு முப்பது கிலோ இலை தின்னும் என்பது வரைக்கும். யாரும் கேட்கவேயில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அவர் மூக்கை உறிஞ்சினார்.

என் கைப்பை!

காய்ந்த இறாலும் பூண்டும் மிளகாயும் போட்டு வறுத்த பலாச்சாங். பெட்டியில் வைத்தால் உடையும் என்று கையிலேயே வைத்திருந்தேன். மூன்று பெரிய போத்தல்.

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஐந்து நாளைக்கு ஒரு கைப்பிடி போதும். மாசக்கணக்கில் கெடாது. பிள்ளை தூரதேசத்தில் தங்கப் போனால்தான் எங்கள் ஊரில் போத்தல் போத்தலாக வறுப்பார்கள். அது பர்மாவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்த எனக்கு இது தோன்றவேயில்லை. என் பிள்ளை கிளம்புகிறான் என்றதும் கை தானாக அடுப்பைப் பற்றவைத்துவிட்டது.

அவர் பையை எட்டிப் பார்த்தார். உள்ளே மூன்று சிவப்பு மூடிகள்.

"அமே, அஞ்சு நாளைக்கா இவ்வளவு?" என்றார் பர்மியத்தில், அம்மா என்று கூப்பிட்டு.

அல்லாவே! திரும்பி வரப்போவது நான் மட்டும்தான் என்று என் நெற்றியில் எழுதி ஒட்டிய மாதிரி இருந்தது.

"கொரில்லாவுக்கும் கொஞ்சம்…" என்று ஆரம்பித்தேன். சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்கக் கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. பக்கத்து வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிஹால் என்ன செய்வதென்று தெரியாமல் தலையைத் தாழ்த்தி, தொண்டைக்குள் மெல்லச் செருமினான்.

அவர் அவனையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

டப். டப். இரண்டு பாஸ்போர்ட்டிலும் முத்திரை விழுந்தது.

"என் வீட்டில போன மாசம் நாலு போத்தல் வறுத்தாங்க" என்றார், எங்கள் கண்ணைப் பார்க்காமலே.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.