தடித்த எழுத்து

போனும் கம்ப்யூட்டரும் ‘சிங்க்’ ஆகவில்லை, ஒன்றோடொன்று சேரவில்லை, கோளாறு அதுதான் என்று கிடங்குக்காரர் ஒற்றைக்காலில் நின்றார்.

ரிப்பேர்க்காரர் வாதாடவில்லை. மவுஸைத் தொட்டவர், என்ன இது, எண்ணெய்ப் பிசுக்கு என்று முனகி, கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அது கிடங்குக்காரருடைய மகளின் அறை. மகளின் கம்ப்யூட்டர். திரையில் தெரிந்ததும் மகளின் மின்னஞ்சல் கணக்குத்தான். போகிற அவசரத்தில் மூடாமல் போய்விட்டாள்.

வெளியூர் வேலை, போயே தீருவேன் என்று நின்றவளிடம், போனால் இந்த வாசற்படி ஏறாதே என்று கத்தியவர் அவர்தான். அவளும் அவர் மகள்தானே. போய்விட்டாள். போன் எண்ணையும் மாற்றிக்கொண்டாள். நன்றாக இருக்கிறாள் என்று அவளுடைய தோழி சொன்னதோடு சரி.

சரக்கை அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று விசாரிப்பதே அவர் பிழைப்பு. சொந்த மகளை விசாரிக்க வழியில்லை என்றானதும் ஆடிப்போனார். மிச்சம் இருந்தது இந்த ஒரு மின்னஞ்சல் விலாசம். லாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில், தன் போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவளுக்கு எழுத ஆரம்பித்தார்.

வாயால் ஒருநாளும் சொல்லாததை எல்லாம் எழுதினார். தப்பு என்னுடையது என்றுகூட எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு இந்தத் திரையைத்தான் பார்ப்பார். படிக்காத கடிதம் தடித்த எழுத்தில் இருக்கும். அவள் தன் போனில் படித்துவிட்டால் இங்கேயும் மெலிந்துவிடும். இவ்வளவும் கிடங்கில் கேட்டுத் தெரிந்துகொண்டது. அவர் கையால் எதையும் திறந்ததில்லை. அவளுக்கு எழுதியதை அவள்தான் திறக்க வேண்டும்.

முதலில் எல்லாம் வரிசையாகத் தடித்தே கிடந்தன. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இனி எழுதி என்ன ஆகப்போகிறது என்று ஒருநாள் போனை அலமாரிக்குள் எறிந்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அத்தனையும் மெலிந்திருந்தன.

“படிச்சுட்டா!” என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினார். அப்படியா, அப்படியா என்று மனைவி ஈரக்கையோடு ஓடிவந்து பார்த்தாள்.

அதன்பிறகு அவர் எழுதாத நாள் இல்லை, கத்தாத சாயங்காலமும் இல்லை. துணிக்கடை விளம்பரங்கள் தடித்தபடியே கிடக்க, அவருடையது மட்டும் மெலிந்திருக்கும். மற்றதை எல்லாம் விட்டுவிட்டு என்னுடையதை மட்டும் படிக்கிறாளே என்று பூரித்துப்போவார்.

ஆனால் பதில் வரவில்லை.

படிக்கிறவள் எப்படிப் பதில் போடாமல் இருப்பாள்? ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிறவள் ஆயிற்றே. போட்டிருப்பாள். அவள் போனுக்கும் இந்தக் கம்ப்யூட்டருக்கும் நடுவில், சோதனைச்சாவடியில் லாரி மாட்டிக்கொள்கிற மாதிரி அது எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. இதைச் சரிசெய்யாவிட்டால் அவள் என்ன நினைப்பாள்? நான் எழுதியதை அப்பா சட்டையே செய்யவில்லை என்றல்லவா நினைப்பாள்? இன்னொரு முறை அவளைத் தொலைக்க அவரிடம் தெம்பில்லை.

இன்றைக்கு நிலைமை முற்றிவிட்டது. ரிப்பேர்க்காரருக்காக லீவு போட்டுவிட்டுப் பகல் முழுக்க இந்த அறையிலேயே காத்துக் கிடந்தார். காலையில் எழுதியது இன்னும் மெலியவில்லை. போகிற வழியும் அடைத்துக்கொண்டதோ என்னவோ.

எதையாவது செய்யுங்கள் என்று கெஞ்சினார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், வேண்டுமானால் கம்ப்யூட்டரையே மாற்றுங்கள் என்றார்.

ரிப்பேர்க்காரர் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். நாற்காலியை மெல்லத் திருப்பினார்.

“சார், இந்தக் கணக்கு எந்த போன்லயும் இல்ல. அவங்க போனதுமே போன்லேர்ந்து எடுத்துட்டாங்க. இப்ப திறந்திருக்கிறது இந்த ஒரு கம்ப்யூட்டர்லதான்.”

அவர் எகிறினார். அப்படியானால் படிக்கிறது யார், பேயா பிசாசா என்று கேட்டார். என் மகள் தினமும் படிக்கிறாள் ஐயா, உமக்குத் தொழில் தெரியவில்லை என்றார்.

ரிப்பேர்க்காரர் பையை எடுத்துக்கொண்டார். போகிறபோது கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கதவருகே மனைவி டீ டம்ளரோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, டீயில் ஆடை படிந்திருந்தது.

கம்ப்யூட்டரைப் போடக்கூடத் தெரியாதவள் என்று அவர் நினைத்திருந்தவள்.

“அவ படிக்கலைன்னா நீங்க எழுதறதையும் விட்டுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க” என்றாள்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் எழுதிய கடிதம் தடித்த எழுத்தில் அப்படியே இருந்தது. என்ன எழுதினோம் என்பது அவருக்கு வரிக்கு வரி நினைவிருந்தது.

பிறகு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

அவள் டம்ளரை வைத்துவிட்டு, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்து அழுத்தினாள். கடிதம் முழுவதையும் உதடு அசையப் படித்து முடித்து, மூடினாள்.

எழுத்து மெலிந்திருந்தது.

“படிச்சுட்டா” என்றார் அவர், தனக்கே கேட்காத குரலில்.