எவாரிஸ்தோ காட்டிய லீமா

“அதோ பாருங்க, சான் கிறிஸ்தோபால் குன்று. உச்சியில சிலுவை தெரியுதா? ராத்திரி விளக்குப் போட்டா ஊரு முழுக்கத் தெரியும்” என்றார் எவாரிஸ்தோ.

பேருந்தில் அவருக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாள் மரியாதைக்குத் தலையை ஆட்டினாள். குன்றைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலைக்காரி என்பது தொப்பியையும் மடியில் வைத்திருந்த வண்ணத்துணி மூட்டையையும் பார்த்தாலே தெரிந்தது. லீமா நகரத்துக்கு இதுதான் முதல் தடவை என்று, அவர் வந்து உட்கார்ந்ததுமே அவளாகச் சொல்லியிருந்தாள்.

எவாரிஸ்தோவுக்கு அது போதும்.

அந்தக் காலத்தில் சினிமாக் கொட்டகை நடத்தியவர். நாலு பேருக்கு எதையாவது காட்டாமல் அவரால் இருக்க முடியாது. லீமாவைப் பற்றிப் பேசினால், அதைக் கட்டி முடித்துச் சாவியை வாங்கி வைத்திருப்பவர் போலத்தான் பேசுவார். மலையிலிருந்து வந்து இங்கேயே தலை நரைத்துப்போனவர்களைக்கூட அவர் லீமாக்காரர் என்று ஒப்புக்கொண்டதில்லை. பிறந்திருக்க வேண்டும் என்பார்.

இந்த அம்மாள் இறங்குவதற்குள் ஒரு தடவையாவது அசந்துபோய் வாயைப் பிளக்க வேண்டும். அது அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

ரிமாக் ஆறு வந்தது. தண்ணீர் கொஞ்சம்தான். பாலத்தின் பெருமையைச் சொல்லிச் சமாளித்தார். நாடாளுமன்றம் வந்தது. “நாட்டையே ஆட்டி வைக்கிற இடம்” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அவள் கண் கதவைவிட்டு நகரவில்லை.

கதவில் என்ன இருந்தது? நடத்துநர்ப் பெண் ஒருத்தி. ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில்.

“பிரசில் ரோடு, மக்தலேனா, கடல் வரைக்கும்! ஏறு ஏறு ஏறு! பின்னால எடம் இருக்கு, நகருங்க சாமி!”

பின்னால் இடம் இல்லை. லீமாவில் எந்தப் பேருந்திலும் பின்னால் இடம் இருந்ததில்லை.

ஒட்டி உரசிக்கொண்டு வந்த இன்னொரு வண்டிக்காரனை அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவனுக்காகக் காத்திருந்த மூன்று பேரை இந்த வண்டியில் அள்ளிப் போட்டாள். முழுசாக நிற்காத வண்டியிலிருந்து ஒரு கர்ப்பிணியைத் தோளோடு அணைத்து, “வலது கால், வலது கால் முதல்ல!” என்று பத்திரமாக இறக்கிவிட்டாள்.

இந்தக் கூத்தைப் பார்க்கவா மலையை விட்டு இறங்கி வந்தாள் என்று எவாரிஸ்தோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீங்க எங்க இறங்கணும்?”

“இறங்கறதா? காலையிலேர்ந்து இதுலதான் இருக்கேன். கடல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தோம். இப்ப மறுபடியும் போறோம்.”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டது.

‘மூலையில இறக்கம்’ என்று குரல் கொடுக்காதவருக்காக லீமாவில் எந்த வண்டியும் நிற்காது. பாவம், இத்தனை பேர் நடுவே கத்தக் கூச்சப்பட்டுக்கொண்டு, போட்ட இடத்தில் கிடக்கிறாள். அந்தத் திமிர் பிடித்த பெண்ணும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விருந்தாளியை நடத்துகிற லட்சணமா இது? ஊர் மானம் போகிறது.

எவாரிஸ்தோ எழுந்து நின்றார். கொட்டகையில் விசிலடித்தவர்களை அடக்கிய குரல் அது.

“மூலையில இறக்கம்! நிறுத்தும்மா வண்டியை!”

வண்டி குலுங்கி நின்றது.

“ஏம்மா, ஒனக்குக் கண்ணு இல்லையா? மொதல் தடவையா ஊரைப் பார்க்க வந்தவங்க. காலையிலேர்ந்து அவங்களை இழுத்துக்கிட்டுத் திரியுற, எங்க இறங்கணும்னு ஒரு வார்த்தை கேட்டியா? நாளைக்கு ஊருக்குப் போயி லீமாவைப் பத்தி என்ன சொல்லுவாங்க?”

பேருந்தே திரும்பிப் பார்த்தது. “நல்லாக் கேளுங்க பெரியவரே!” என்று பின்னாலிருந்து யாரோ தூண்டிவிட்டார்.

நடத்துநர்ப் பெண் அவரையும் அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புறங்கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

“தாத்தா, அது எங்கம்மா. ஆறு வருஷம் கழிச்சு என்னைப் பார்க்க வந்திருக்கு. எனக்கு லீவு இல்ல. வீட்ல இருன்னு சொன்னா கேக்காம வண்டியிலயே உக்காந்திருக்கு.”

சிரிப்பு பேருந்தின் கடைசி வரைக்கும் போயிற்று. வண்டி கிளம்பியது. எவாரிஸ்தோ காது சிவக்க உட்கார்ந்தார்.

“கோவிச்சுக்காதீங்கய்யா” என்றாள் அம்மாள். முகத்தில் பெருமை தாங்கவில்லை. “எம் பொண்ணு யெசேனியா ஊர்ல இருந்தப்ப வாயே திறக்க மாட்டா. உப்பு வாங்கிட்டு வரச் சொன்னாக்கூட என் பாவாடைக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவா. இப்ப பாருங்க, இத்தனை பெரிய ஊரு அவ சொன்னா ஏறுது, அவ சொன்னா இறங்குது.”

எவாரிஸ்தோ காதைத் தடவிக்கொண்டார். அம்மாளுக்கே மனசு கேட்கவில்லை.

“நீங்களும் பாவம், தொண்டை வத்த என்னென்னவோ காட்டினீங்க. நான் ஒண்ணையும் பார்க்கலை. இப்பக் காட்டுங்க, பார்க்கறேன்” என்று ஜன்னல் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே டயர் கடைகளும் ஒரு பல் ஆஸ்பத்திரியும் போய்க்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். கடலைப் பற்றி அவரிடம் ஒரு மணி நேரத்துக்கான சரக்கு இருந்தது.

“அங்க இல்லைங்க” என்றார் எவாரிஸ்தோ.

கதவுப் பக்கம் கையை நீட்டினார்.

“அதோ பாருங்க, எங்க லீமாக்காரி.”